குடத்துக்குள் சிரித்தவள்

மங்கைக்கு மதியச் சாப்பாட்டைத் தம்பி தன் கையால் கட்டிக் கொடுத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. எலுமிச்சம்பழ சாதம், ஓரத்தில் கொஞ்சம் ஊறுகாய். அப்பளம் நமுத்துப்போகும் என்று அதைத் தனியாகக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தான்.

“இன்னாடா அதிசயமா இருக்குது? கவிதா எங்க?”

“பின்னால துணி அலசினு இருக்கா. நான்தான் கிளறினேன். நீ இன்னிக்கி மில்லுலயே சாப்டுடுக்கா. இந்த வெயில்ல வூட்டுக்கு வந்து வந்து போவாத.”

பின்கட்டில் வாளி நகரும் சத்தமும் துணியை உதறும் சத்தமும் கேட்டன. “கவிதா, வரேன்” என்று மங்கை குரல் கொடுத்தாள். “சரி அண்ணி” என்று பதில் வந்தது. பஜாரில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்த தம்பி ஆனந்தராஜ், தன் மகள் வெண்மதியைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்காக வண்டியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தான். வழக்கமாக அந்தப் பெண் தெருப் பிள்ளைகளோடு நடந்துதான் போகும்.

செஞ்சியில் சக்கராபுரம் பக்கம் அவர்கள் வீடு. மங்கை வேலை செய்தது திருவண்ணாமலை சாலையில் இருக்கும் ஒரு மல்லாட்டை மில்லில். நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். உடைத்துக் கொட்டிய கடலைப் பயறில் சொத்தையையும் கல்லையும் பொறுக்கி எடுக்கும் வேலை. வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே பொறுக்குவார்கள். மங்கைக்குப் பக்கத்தில் எப்போதும் சின்னப்பொண்ணு. அன்று மதியம் டப்பாவைத் திறந்து, “என் தம்பி கட்டிக் குடுத்தான்டி, சாப்ட்டுப் பாரு” என்று அவளுக்குப் பாதியை எடுத்து வைத்தாள் மங்கை. உப்பு கொஞ்சம் தூக்கல், இருந்தாலும் நன்றாக இருக்கிறது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் ஆள் வந்தது. “ஒங்க தம்பி பொண்டாட்டி தூக்கு மாட்டிக்கிச்சாம்.”

அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தெரு அடைத்துக் கூட்டம். கவிதாவை இறக்கித் தரையில் கிடத்தியிருந்தார்கள். ஆனந்தராஜ் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். கடையிலிருந்து சாப்பிட வந்தேன், கதவைத் திறந்தேன், தொங்கிக்கொண்டிருந்தாள் என்றான். மங்கை அவன் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு அழுதாள்.

இரண்டு நாளில் போலீஸ் அவனைக் கூட்டிப்போனது. கழுத்தை நெரித்துக் கொன்ற பிறகுதான் தொங்கவிட்டிருக்கிறது என்று பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் எழுதியிருந்தார். ஸ்டேஷனில் அவனும் ஒப்புக்கொண்டான். காலையில் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்து செய்திருக்கிறான். பிறகு முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறான். அன்று காலை அவன் ஒருவருக்குத் தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி, காயில் கட்டிக் கொடுத்திருக்கிறான். எதிர்க்கடையில் டீயும் குடித்திருக்கிறான்.

மங்கை நம்பவில்லை. ஸ்டேஷன் வாசலில் நின்று, “அடிச்சி ஒத்துக்க வச்சிட்டீங்க, நாசமாப் போவீங்க” என்று மண்ணை வாரித் தூற்றினாள்.

அவள் நம்பாததற்குக் காரணம் இருந்தது. இந்த உலகத்தில் அவளை மனுஷியாக வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான்.

கல்யாணமான இரண்டாம் வருசம் மங்கைக்கு மனம் பிசகிப்போனது. முதலில் தூக்கம் போயிற்று. பிறகு தண்ணீர்க் குடத்தின் பக்கம் போகவே பயந்தாள். புருசன் வீட்டார் கொண்டுவந்து அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள், திரும்பி வரவே இல்லை. அப்பா அதற்கு முன்பே செத்துப்போயிருந்தார். அம்மா மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு அமாவாசை தவறாமல் கூட்டிப்போனாள். ஒருநாள் காலை, தண்ணீர் கொண்டுவந்து நீட்டிய அம்மாவை மங்கை உலக்கையால் அடித்தாள். அம்மாவின் கை முறிந்தது. அன்று மங்கையின் கண்ணுக்கு எதிரில் நின்றது அம்மா இல்லை. குடத்துக்குள்ளிருந்து எழுந்து வந்த வேறு ஒருத்தி. அடிபட்டது அம்மா என்று அவளுக்கு உறைக்கவே பல நாளாயிற்று. உறைத்தபோது அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. கட்டுப் போட்ட கையோடு அம்மா அவளைக் கட்டிக்கொண்டு, “அது நீ இல்லடி, அது நீ இல்ல” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அப்போது ஆனந்தராஜ் ஐடிஐ படித்துக்கொண்டிருந்தான். மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. “கோயிலுக்கு கூட்டிப் போம்மா, நான் வேணாங்கல. ஆனா டாக்டராண்டயும் போவணும்” என்று அவன்தான் நின்றான். மாதாமாதம் புதுச்சேரிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனான். ஜன்னலோரம் அவளை உட்காரவைத்து, அவள் இறங்கி ஓடிவிடாமல் முந்தானையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொள்வான். என்னென்ன தோன்றுகிறது என்று கேட்டு வந்து சொல்லும்படி டாக்டர் அவனிடம் சொல்லியிருந்தார். பஸ்ஸில் மெதுவாகக் கேட்பான். அம்மாவிடம்கூடச் சொல்லாததை மங்கை அவனிடம் சொன்னாள். குடத்துக்குள் ஒருத்தி இருக்கிறாள். என் பேரைச் சொல்லிச் சிரிக்கிறாள். அவள் சிரித்தால் புளித்த மாவு வாசனை வருகிறது.

மாத்திரை மெல்ல மெல்ல வேலை செய்தது. குடத்துக்காரியின் சத்தம் தேய்ந்து, ஒருநாள் இல்லாமலே போயிற்று. அம்மா செத்த பிறகும் தம்பி அவளை வைத்துக்கொண்டான். செஞ்சி பெரிய ஆஸ்பத்திரிக்கே மாதம் ஒருமுறை மனநல டாக்டர் வர ஆரம்பித்த பிறகு புதுச்சேரி அலைச்சலும் நின்றது. தெருவில் யாராவது அவளை ‘மென்டல்’ என்று சொன்னால் ஆனந்தராஜ் சட்டையைப் பிடித்துவிடுவான். அதட்டிப் பேசாத, குடிக்காத, நாணயமான மனிதன் என்று பஜாரில் அவனுக்குப் பெயர். கவிதாவைப் பெண் கேட்டுப் போனபோது, “எங்க அக்கா என் கூடத்தான் இருப்பாங்க, அதுக்கு சம்மதம்னா பேசலாம்” என்றுதான் பேச்சையே ஆரம்பித்தான். தளவானூர்க்காரர் இளையபெருமாள் அந்த ஒரு வார்த்தைக்காகவே பெண்ணைக் கொடுத்தார்.

கொலைக்குப் பிறகு ஊர் அவனைவிட மங்கையைத்தான் அதிகம் பார்த்தது. ‘அக்காவுக்கு இருந்தது தம்பிக்கும் வந்துடுச்சு, அந்தக் குடும்பத்துக்கே அது இருக்குது’ என்று பேச்சு கிளம்பியது. கொன்றவன் ஜெயிலில் இருந்தான். பார்ப்பதற்கும் பயப்படுவதற்கும் ஊருக்கு இவள் கிடைத்தாள். மில்லில் சின்னப்பொண்ணைத் தவிர யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. சாக்கு அறுக்கும் கத்தியை மேஸ்திரி எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினார். இருபது வருசமாக அதே கத்தியால் சாக்கு அறுத்தவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வாரத்தில், “கொஞ்ச நாளு வூட்ல இரும்மா, பொம்பளைங்க பயப்படறாங்க” என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். சின்னப்பொண்ணு மட்டும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்துக்கொண்டாள்.

“ஒனக்கு பயமா இல்லியா?” என்று மங்கை கேட்டாள்.

“பயந்தா நடக்குமா? வந்து சோறு தின்னு” என்றாள் சின்னப்பொண்ணு.

அந்த வீட்டுக்குத்தான் வக்கீல் இளவரசன் வந்தார். ஆனந்தராஜுக்காக வாதாடுகிறவர். இளம் வயசு, மரியாதையான பேச்சு. நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு நிதானமாகச் சொன்னார்.

“அம்மா, ஒருத்தர் புத்தி சரியில்லாம, தான் இன்னா செய்யறோம்னே தெரியாம ஒரு காரியம் செஞ்சா சட்டம் அவரை தண்டிக்காது. ஆஸ்பத்திரியில வைப்பாங்க. ஒங்க தம்பி நல்லவர்னு ஊரே சொல்லுது. திடீர்னு ஏன் இப்படி செஞ்சாருன்னு பாக்கணும் இல்ல?”

இத்தனை நாளும் மங்கைக்குள் உருண்டுகொண்டிருந்த கல் நகர்ந்து வழி விட்டதுபோல இருந்தது. அதானே! அவனா செய்திருப்பான்? வியாதிதானே செய்திருக்கும்! தனக்கு வந்தது அவனுக்கும் வந்திருக்கிறது. தான் கவனிக்காமல் விட்டுவிட்டோம். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். “அய்யா, நான் இன்னா சொல்லணும்னு சொல்லுங்க. எங்க வேணா வந்து சொல்றேன்.”

“பெருசா ஒண்ணும் இல்ல. ரெண்டு மூணு மாசமா தம்பி தூங்கல, தனியா பேசினு இருந்தாருன்னு சொன்னா போதும். ஒரே ரத்தம், நீங்களும் மாத்திரை சாப்பிடறவங்க. அதுவே நமக்கு பலம். அவரு ஜெயில் டாக்டர்கிட்ட தெளிவாவே சொல்லியிருக்காரு. குடத்துக்குள்ள இருந்து ஒரு பொம்பளை பேரைச் சொல்லி சிரிச்சாளாம். அவ சிரிக்கும்போது புளிச்ச மாவு வாசனை வருமாம். கொல்லு கொல்லுன்னு அவதான் சொன்னாளாம்.”

மங்கை வக்கீலின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா சொன்னீங்க?”

அவர் திரும்பவும் சொன்னார். குடம். பேரைச் சொல்லிச் சிரிப்பு. புளித்த மாவு.

சின்னப்பொண்ணு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மங்கை டம்ளரை வாங்கித் தரையில் வைத்தாள். அவர்கள் வீட்டில் குடமே கிடையாது. பல வருசமாகக் கேன் தண்ணீர்தான். அவளுக்கு நோவு வந்த காலத்தில் இருந்த பித்தளைக் குடத்தை, அவள் பயப்படுகிறாள் என்று ஆனந்தராஜ்தான் தூக்கிப்போய்ப் போட்டுவிட்டு வந்தான். அந்த வாசனையைப் பற்றி அவனிடமும் டாக்டரிடமும் தவிர வேறு யாரிடமும் அவள் சொன்னதே இல்லை. வக்கீல் போன பிறகு வெகுநேரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். “என் நோவை எடுத்து போட்டுக்கினான்டி” என்று மட்டும் சொன்னாள். சின்னப்பொண்ணுக்குப் புரியவில்லை. என்ன, என்ன என்று கேட்டுக் கேட்டுப் பிறகுதான் விளங்கிக்கொண்டாள்.

அப்போதும் மங்கை முடிவு கட்டிவிடவில்லை. ஒருவேளை அவனுக்கும் நிஜமாகவே கேட்டிருந்தால்? தான் சொன்னதே அவன் மண்டையில் தங்கி, இப்போது நோயாகத் திரும்பி வந்திருந்தால்? அவனை நேரில் பார்க்கவேண்டும் என்று சின்னப்பொண்ணைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கடலூர் ஜெயிலுக்குப் போனாள்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஆனந்தராஜ் தலையைத் தொங்கப்போட்டபடி வந்தான். முதலில் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். காவலர் நகர்ந்து போனதும் நிமிர்ந்து பார்த்தான். அவளுக்கு நன்றாகப் பழக்கமான, தெளிவான கண்கள்.

“மாத்திரை ஒழுங்கா சாப்புடறியாக்கா?”

“சாப்டறேன்.”

“வக்கீல் வந்தாரா? சொன்னாரா?”

“சொன்னாரு. ஏன்டா, கொடத்துல இருந்து சிரிச்சாளா?”

அவன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “வேற எனக்கு இன்னா தெரியும்? நீ சொன்னதுதான தெரியும். நீதான் காப்பாத்தணும். எப்படி இருக்கும்னு ஒனக்குதான் நல்லா தெரியும், ஜட்ஜு கேட்டா வெவரமா சொல்லு.”

மங்கை வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “ஏன்டா செஞ்ச?”

“போறேன்னா.”

“எங்க?”

“அவங்க நைனா வூட்டுக்கு. பொண்ண கூட்டினு ஒரேயடியா போறேன்னா. துணியெல்லாம் எடுத்து வச்சிட்டா.”

“போனா வுட்டுட வேண்டியதுதானடா.”

அவன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தான். அவள் ஏதோ புரியாததைச் சொன்னது போலப் பார்த்தான். “என்ன வுட்டுட்டு எப்படிக்கா போவா?” என்றான். குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. மின்சாரம் ஏன் வரவில்லை என்று கேட்பவன் போலக் கேட்டான்.

பிறகு, “நான் ஒன்ன எத்தினி வருசம் பாத்துக்கினேன்” என்றான்.

திரும்பும் வழியில் பஸ் மாற விழுப்புரத்தில் இறங்கியவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எலுமிச்சம்பழ சாதம் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. வெயிலுக்காக இல்லை. அவள் தினமும் மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறவள். வந்தால் அவனுக்கு முன்னால் கதவைத் திறந்துவிடுவாள். அக்கா வரக்கூடாது. அதற்காக அடுப்பு பற்றவைத்து, சாதம் வடித்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, அப்பளம் நமுத்துப்போகும் என்றுகூட யோசித்திருக்கிறான். கவிதா பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தபோது. “அதுல பாதிய நான் ஒனக்கு குடுத்தேனேடி” என்று சின்னப்பொண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். “நல்லா இருக்குதுன்னு தின்னோமே!”

கவிதா முன்பு சொன்ன ஒன்றும் அப்போது நினைவுக்கு வந்தது. சாவதற்குச் சில மாதம் முன்பு, மணிக்கட்டில் கன்னிப்போன தடத்தைக் காட்டி, “ஒங்க தம்பி வெளிய ஒரு மாதிரி, உள்ள ஒரு மாதிரி அண்ணி. ஃபோனைக்கூட பூட்டி வக்கிறாரு” என்றாள். “அவன் சாமி மாதிரிடி, நீதான் டென்சன் பண்ணிக்கிற” என்று மங்கை சொல்லி அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு கவிதா அவளிடம் எதையும் சொன்னதில்லை.

அந்த மாதம் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கப் போனபோது, டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். “நான் எங்கம்மா கைய ஒடைச்சேன். வியாதின்னு சொல்லி எல்லாரும் என்ன மன்னிச்சாங்க. இவன மட்டும் நான் மன்னிக்க மாட்டேன்னு சொன்னா அது நியாயமாம்மா?”

“ஒங்க தம்பியை நான் பார்க்கல. அவருக்கு வியாதி இருக்கா இல்லையான்னு நான் சொல்லக்கூடாது. அதைப் பார்க்க வேற டாக்டர்கள் இருக்காங்க” என்றார் டாக்டரம்மா. கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒங்க அம்மாவை அடிச்சப்போ, அம்மான்னு தெரிஞ்சுதான் அடிச்சீங்களா?” என்று கேட்டார்.

“தெரியலம்மா. அம்மான்னு தெரிஞ்சா அடிப்பனா?”

“அடிச்சிட்டு மறைச்சீங்களா?”

“மறைக்கவா? நான் அடிச்சதே எனக்கு தெரியாதே.”

டாக்டரம்மா மாத்திரையை எழுதிக் கொடுத்தார். மங்கை அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள். மண்ணை வாரித் தூற்றிய அதே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அந்தக் காலையில் நடந்ததைச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தார். “நீங்க மாத்திரை சாப்டறவங்கதான?” என்றார். “ஆமாங்க, அதனாலதான் வந்தேன்” என்றாள்.

விழுப்புரம் கோர்ட்டில் வழக்கு நடந்தது. அதற்கு முன்னால் கோர்ட் உத்தரவுப்படி ஆனந்தராஜை ஒரு அரசு ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்துப் பார்த்தார்கள். பார்க்க ஆள் இருக்கும்போது மட்டும் அவன் தனியாகப் பேசுகிறான், மற்ற நேரம் நன்றாகத் தூங்குகிறான், சாப்பிடுகிறான், வார்டில் பழுதான மின்விசிறியைச் சரிசெய்து கொடுத்தான், மனநோய் எதுவும் இல்லை என்று டாக்டர்கள் சாட்சி சொன்னார்கள். அவர்கள் தவறு செய்திருக்கலாம் என்று இளவரசன் வாதாடினார். அக்காவை அழைத்து வந்து ‘இதோ பாருங்கள், இந்த ரத்தம்’ என்று காட்ட நினைத்திருந்தவர், மங்கை எதிர்த்தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏறியதும் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மா என்று கூப்பிட்ட அதே மனிதர்.

“நீங்க மனநோய்க்கு மாத்திரை சாப்பிடறீங்களா?”

“ஆமாங்க.”

“ஒங்களுக்கு இல்லாத குரல் எல்லாம் கேக்கும், இல்லையா?”

“கேட்டுது. முன்ன.”

“ஒங்க சொந்த அம்மாவையே அடிச்சு கையை ஒடைச்சிருக்கீங்க?”

கோர்ட்டில் சலசலப்பு. பெஞ்சில் உட்கார்ந்திருந்த கவிதாவின் அப்பா இளையபெருமாள் நிமிர்ந்து பார்த்தார். மங்கை தலை குனிந்தாள். “ஆமாங்க. ஒடைச்சேன்.”

“அப்போ அன்னிக்கி காலையில ‘மதியம் வீட்டுக்கு வராத’ன்னு தம்பி சொன்னதா சொல்றீங்களே, அதுவும் ஒங்களுக்கு கேட்ட அந்த மாதிரி குரலா இருக்கலாம் இல்ல?”

இளவரசன் பதிலுக்கு நிற்காமல் தன் இடத்துக்குத் திரும்பப் போனார்.

“கொரலு சாப்பாடு கட்டிக் குடுக்காதுங்க” என்றாள் மங்கை. “அந்த டப்பால இருந்து சின்னப்பொண்ணும் தின்னா. அவள கேளுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். மங்கை தானாகவே தொடர்ந்தாள்: “கொடத்துல சிரிச்சவ என்னோட ஆளுங்க. நான்தான் அவள பத்தி அவனுக்கு சொன்னேன். அவ இருந்தப்போ எனக்கு பல்லு வெளக்க தெரியாது. புடவை கட்டத் தெரியாது. அப்பளத்த தனியா சுத்தி வக்கணும்னு தோணாதுங்க.”

அப்போதுதான் எதிர்க்கூண்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆனந்தராஜ் எழுந்து நின்றிருந்தான். முணுமுணுப்பு, தொங்கிய தலை எல்லாம் போய்விட்டிருந்தன.

“இந்த மென்டலு பேச்ச நம்பாதீங்க அய்யா” என்றான்.

மங்கை கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவளை அந்தப் பெயரால் தெருவில் எத்தனையோ பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்காக அவன் கடை ஷட்டரை இழுத்துச் சாத்திவிட்டுச் சண்டைக்குப் போயிருக்கிறான். அவன் வாயிலிருந்து அது வரும் என்று அவள் எண்ணிப் பார்த்ததே இல்லை. பிறகு அவள், இதை எழுதுகிற என்னிடம் சொன்னது இது: “கவிதாவ கொன்னான்னு கேட்டப்ப கூட நான் அவன் மொகத்த முழுசா பாக்கல. அன்னிக்கிதான் பாத்தேன். அந்த மொகத்தத்தான் அவ தெனைக்கும் பாத்திருப்பா.”

அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தே, திட்டமிட்டு, மறைத்துச் செய்திருக்கிறான் என்று தீர்ப்பில் இருந்ததாகப் பேப்பரில் வந்தது. தீர்ப்பு வந்த அன்று மங்கை சந்தோஷப்படவில்லை. சின்னப்பொண்ணு வீட்டில் சுருண்டு படுத்திருந்தாள். மறுநாள் மாத்திரை போடக்கூட மறந்துவிட்டாள். சின்னப்பொண்ணுதான் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

மில்லில் திரும்பக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ் ஒன்றில் காய் நறுக்கும் வேலை கிடைத்தது. அங்கே கத்தியை அவள் கையில் கொடுக்க யாரும் யோசிக்கவில்லை. மெஸ்காரருக்கு அவள் யார் என்றே தெரியாது. ஒரு வாரம் கழித்து அவளே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, “வெங்காயத்த இன்னும் பொடியா நறுக்கும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெண்மதியைத் தளவானூருக்கு அழைத்துப் போயிருந்தார்கள். மங்கை வந்து பார்க்கலாமா என்று ஆள்மூலம் கேட்டு அனுப்பினாள். வெகுநாள் பதில் இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி இளையபெருமாளே ஃபோன் செய்தார். அவள் போனபோது அவர் கேணி மேட்டில் நின்று பைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். “வா” என்று மட்டும் சொன்னார்.

வெண்மதி உயரமாகிவிட்டிருந்தது. அத்தையைக் கண்டதும் ஓடி வரவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வாங்கி வந்த பிஸ்கெட் பாக்கெட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தது.

“இஸ்கூல்ல சொல்றாங்க, ஒங்க நைனாவுக்கு பைத்தியம், அதான் அப்படி பண்ணிட்டாருன்னு. நெஜமா அத்தை?”

இளையபெருமாளின் கை பைப்பில் நின்றது.

“இல்லம்மா” என்றாள் மங்கை. “பைத்தியம் எனக்குத்தான் வந்துது. மாத்திரை சாப்டு நல்லாயிட்டேன். அவனுக்கு அது வரல.”

“அப்போ எங்கம்மான்னு தெரிஞ்சேதான் செஞ்சாரா?”

மங்கை ஆமாம் என்று தலையை அசைத்தாள்.

“பைத்தியமா இருந்தா தேவலாம்னு இருந்தேன்” என்றது குழந்தை. “ஏன் செஞ்சாரு அப்போ?”

அவன் சொன்ன காரணம் மங்கைக்குத் தெரியும். ‘போறேன்னா.’ அதை இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது, சொன்னாலும் அது ஒரு காரணமா? “தெரியலம்மா” என்றாள். “நானும் அதத்தான் யோசிச்சினு இருக்கேன்.”

வெண்மதி பிஸ்கெட் பாக்கெட்டைப் பிரித்தது. ஒன்றை எடுத்தது, தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டது. இளையபெருமாள் பைப்பைக் கீழே போட்டுவிட்டு வந்து, இரண்டு பேருக்கும் எதிரில் தரையில் உட்கார்ந்தார். செஞ்சிக்குப் போகும் பஸ் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மங்கை எழுந்திருக்கவில்லை. அடுத்த பஸ்ஸுக்குப் போய்க்கொள்ளலாம் என்று இளையபெருமாள் சொன்னார்.